புள்ளி இல்லாத பெயர்

தோ ஏ மியா டேப்லெட்டைத் தூக்கி வந்தபோது
மோல்மேன் கீழ்ச் சந்தையில் கரண்ட் இல்லை.
ஒன்றரைக்கு வரும் என்றார்கள்.
வந்தால் நாலு மணி நேரம்.

வெற்றிலைக் காம்பு கிள்ளிக் கறுத்த கட்டைவிரலால்
திரையைத் தட்டிக் காட்டினாள்.
கம்பெனிப் பெயர் வருகிறது, அணைகிறது,
வருகிறது, அணைகிறது,
வாசல்வரை வந்துவிட்டுச்
செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போகும்
விருந்தாளி மாதிரி.

"முழுக் கணக்கும் இதிலதான்" என்றாள்.
எந்தக் கணக்கு என்று நான் கேட்கவில்லை.
எனக்குத் தெரியும்.

பக்கத்துக் கடைப் பையன் சொல்லியிருக்கிறான்:
எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதுசாகப் போடலாம்,
ஐயாயிரம் கியாட்.
அவன் சொன்னது தப்பில்லை.
பூட்டைத் திறந்தாலே உள்ளிருப்பது அழியும்,
அப்படித்தான் செய்து அனுப்புகிறார்கள்.

ஆனால் இந்தப் பூட்டு ஏற்கெனவே திறந்தது.
திறந்தவன் நான்.
ஸோஜி எழுத்துப் போட ஊரே வரிசையில் நின்ற வருஷம்,
வாங்கிய பெட்டியில் பர்மிய எழுத்தெல்லாம்
வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலம்,
மூவாயிரம் வாங்கிக்கொண்டு ரூட் செய்து
எழுத்தை உள்ளே திணித்துக் கொடுத்தேன்.
கம்பெனி வாரண்டி அன்றைக்கே செத்தது.
யாரும் அழவில்லை.

ஒன்று நாற்பதுக்கு மின்விசிறி அசைந்தது.
வால்யூம் கீழ்ப் பொத்தானும் பவரும் சேர்த்து அமுக்கி,
கேபிளைச் சொருகி,
மடிக்கணினியில் ஒரே ஒரு வரி அடித்தேன்.
புது ரெகவரி போய் உட்கார
எட்டு விநாடி.
அந்த எட்டில் கரண்ட் போயிருந்தால்
என் மடிக்கணினியும் போயிருக்கும்,
அதன் பேட்டரி போன மழையோடு சரி.
பிறகு டேப்லெட்டை
வெற்றிலைக்கு மேல் எடைக்கல்லாக வைக்கலாம்.

முடிந்தது என்று கையை எடுக்கக் கூடாது.
வழக்கமான வழியில் ஒருமுறை எழவிட்டால்
பழைய காவல்காரன் திரும்பி வந்து
புது ஆளை நாற்காலியிலிருந்து தள்ளிவிடுவான்.
விரல் வலிக்கப் பொத்தான்களைப் பிடித்து
நேராக ரெகவரிக்குள் நுழைந்தேன்.

பெரிய பெரிய கட்டங்கள்.
ஒன்றில் பேக்கப். பக்கத்தில் வைப்.
இரண்டுக்கும் நடுவில் என் விரல் அகலம்கூட இல்லை.

தோ ஏ மியா எதிர்க் கடையில்
தேநீர் சொல்லப் போயிருந்தாள்.
நாற்பத்தேழாயிரம்.
மகள் பிரசவத்துக்கு முந்தின மாதம் வாங்கியது.
திருடன் கையில் சாவி என்பார்கள்.
சாவி அல்ல, ஒரு தொடுகை.
"காப்பாத்த முடியல அக்கா" என்று சொன்னால்
நம்புவாள். உச்சுக்கொட்டிவிட்டு
மறுபடி கடனும் கொடுப்பாள்.

பேக்கப்பைத் தொட்டேன்.
நல்லவன் என்பதால் இல்லை,
ஆறு வருஷத்துக்கு முன் போட்ட என் வேலை
இன்னும் நிற்கிறதா என்று பார்க்க ஆசை.

கணக்கு என் மடிக்கணினிக்கு வந்தது.
ஸோஜியில் எழுதியதைப் புது எழுத்தில் திறந்தால்
பெயர்களெல்லாம் கைகால் முறிந்து கிடந்தன.
மெய்யின் தலையில் வைக்கும் குறி இடம் மாறிவிடும்.
நாம் புள்ளி என்கிறோம்,
அவர்கள் பேச்சில் அதன் பெயரே கொலை.
மீன்காரர்கள், படகுக்காரர்கள், ஒரு போலீஸ்காரன்,
யார் யார் என்று எவனாலும் சொல்ல முடியாது.
இலக்கங்கள் மட்டும் தெளிவு.

பதினாலாவது வரியில்
ஒரே ஒரு பெயர் முழுசாக நின்றது:
கோ நாகு.
நாகலிங்கம் என்று எழுதியிருந்தால்
நானும் உடைந்திருப்பேன்.
சுருக்கிக் கூப்பிட்டதில் மாட்டிக்கொண்டேன்.
நாற்பத்தேழாயிரம்.

தேநீரோடு வந்தாள்.
டேப்லெட் எழுந்திருந்தது, சுவர்ப்படத்தில் அவள் பூனை.
கணக்கைத் திறந்து விரலால் கீழே இழுத்து
பதினாலில் நிறுத்தினாள்.

"கூலி எவ்வளவு?"
"பதினைந்து" என்றேன், கூட்டித்தான் சொன்னேன்.

அடித்தாள். முப்பத்திரண்டு.
என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.
பூட்டு இன்னும் திறந்தே இருக்கிறது, அக்கா,
வேறு யாரிடமும் கொடுக்காதே என்றேன்.
தேநீருக்கான காசை
அவளே கொடுத்துவிட்டுப் போனாள்.
அதை எழுதினாளா என்று தெரியவில்லை.